லிங்க் பொய் சொல்லாதுங்க

அந்தப் பையைச் சித்த மடியில வச்சுக்குங்க, நான் உக்காந்துக்கறேன். திருப்பூர்தானுங்களே? நானும் அங்கதான். கம்ப்யூட்டர் பைங்களா இது? ஓ, மருந்துக் கம்பெனி ரெப்புங்களா. அப்ப தினமும் எக்ஸல் திறப்பீங்க. திறந்து, கட்டம் கட்டமா நிரப்பி, மேல மஞ்சக் கலர் அடிச்சு, மேனேஜருக்கு அனுப்புவீங்க. அதோட முடிஞ்சுது. கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன். எக்ஸல் தெரியும்னு சொல்ற நூறு பேர்ல தொண்ணூத்தெட்டுப் பேருக்கு அது கோடு போட்ட நோட்டு, அவ்வளவுதான்.

நான் தேவராசு. திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறை, பேரு எதுக்கு, அங்க ஆபீஸ்ல பத்தொம்பது வருசம். படிச்சது பி.காம்தான். மேக்ரோ எழுதறது யாரும் சொல்லிக் குடுத்ததில்ல, நானாப் பாத்துக் கத்துக்கிட்டது. மேக்ரோன்னா உங்களுக்குத் தெரியாது, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஒரு பட்டன் வச்சிருப்பேன். அமுக்குனா, நான் எழுதி வச்ச வேலைய அது பாட்டுக்கு வரிசையாச் செஞ்சு முடிக்கும். அவ்வளவுதான், பயந்துக்காதீங்க.

இப்ப எங்கிருந்து வரேன்னா, மூலனூர்ப் பக்கம் ஒரு ஊருல இருந்து. நஞ்சப்பன்னு ஒருத்தர், எங்க பட்டறையில மாஸ்டரா இருந்தவர். சாயத்துக்கு மாஸ்டர். அவரைப் பாத்துட்டு வரேன். நான் போய் அந்த ஆளைக் கூப்பிடணுமாம். பத்தொம்பது வருசம் வேலை பாத்தவனைப் பஸ் ஏத்தி விட்டுட்டாங்க, போய் மாஸ்டரைக் கூட்டிட்டு வான்னு. யாரு சொன்னது? சின்ன முதலாளி. இருபத்தாறு வயசு. வெளிநாட்டுல என்னத்தையோ படிச்சுட்டு வந்திருக்கு, ஒரு ஃபைலைத் தேடச் சொன்னா டெஸ்க்டாப் பூராத் தேடும்.

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். இல்லீன்னா உங்களுக்குப் புரியாது.

எங்க பட்டறையில ரெண்டு புக்கு. புக்குன்னா எக்ஸல் ஃபைலுங்க, பேப்பர் இல்ல. ஒண்ணு லேபுக்காரங்களோடது. எந்தக் கலருக்கு எந்தச் சாயம் எவ்வளவு போடணும்னு அதுல இருக்கும். ரெசிப்பி புக்கும்போம். இன்னொண்ணு சிலிப் புக்கு. தினம் காத்தால அதுல இருந்துதான் மாஸ்டருக்குச் சிலிப் அடிச்சுக் குடுக்கறது. இன்னைக்கு இந்த மெஷின்ல இந்தக் கலரு, இன்ன சாயம் இவ்வளவுன்னு. முன்னெல்லாம் ஒரு பொண்ணு லேபு புக்கைப் பாத்து இதுல கையால அடிச்சுட்டு இருந்துது. ஒண்ணு எட்டாகும், மூணு எட்டாகும். நான் வந்துதான் ரெண்டையும் லிங்க் பண்ணுனேன். லேபுல நம்பர் மாறுனா சிலிப்புல தன்னால மாறிக்கும். மனுசன் கையே படாது.

லிங்க் பண்ணிட்டாப் போதுமா? நம்ம ஜனங்களைப் பத்தித் தெரியாதுங்களா உங்களுக்கு? சிலிப் புக்கைத் திறந்தா மேல ஒரு மஞ்சப் பட்டை வரும், லிங்க்கைப் புதுப்பிக்கட்டுமான்னு கேக்கும். ஒருத்தன் ஆமாம்பான், ஒருத்தன் வேண்டாம்பான், ஒருத்தன் பயந்துட்டு கம்ப்யூட்டரையே அணைச்சுட்டுப் போயிருவான். ஃபைலைக் காணோம்னு ஒரு எர்ரர் வந்தாப் போதும், ‘தேவராசண்ணே, தேவராசண்ணே’ன்னு கக்கூஸ் வரைக்கும் வந்து கதவைத் தட்டுவாங்க. இதெல்லாம் எனக்கு ஆகாதுன்னுட்டு மேக்ரோவுல மேல ரெண்டு வரி சேத்துட்டேன். எந்த எச்சரிக்கையும் காட்டாதே. தப்பு வந்தா கண்டுக்காம அடுத்த வரிக்குப் போ. முடிஞ்சுது. பதினோரு வருசமா என்ற சிஸ்டத்துல ஒரு எர்ரர் வந்ததில்லீங்க. பெரிய பெரிய கம்பெனிக்காரன் எவனையாவது அப்படிச் சொல்லச் சொல்லுங்க பாக்கலாம்.

டிக்கெட்டுங்களா? நான் வாங்கிட்டேன். நீங்க வாங்குங்க.

எங்க பெரிய முதலாளி இருக்காரே, அவருக்குப் பக்தி கொஞ்சம் சாஸ்தி. நாலு வருசத்துக்கு முன்ன ஒரு நா, எந்தச் சாமியாரு சொன்னானோ, என்னைக் கூப்பிட்டு, ‘ஏம்ப்பா தேவராசு, நோட்டு எழுதுனாப் பிள்ளையார் சுழி போடறோம், கடிதாசி எழுதுனாப் போடறோம், இந்தக் கம்ப்யூட்டர் ஃபைலுக்கெல்லாம் ஏன் போடறதில்ல?’ன்னாரு. ஃபைலுக்கு உள்ள போடறேனுங்கன்னேன். ‘உள்ள போட்டா யாரு பாக்கறது, பேருலயே போடு’ன்னுட்டாரு. அன்னையில இருந்து எங்க ஆபீஸ்ல எல்லா ஃபைல் பேரும் ஒரு ‘உ’வுல ஆரம்பிக்கும். ‘உ ரெசிப்பி’, ‘உ சிலிப்’, ‘உ அட்டெண்டன்ஸ்’. வாட்ச்மேனோட டீ லிஸ்டுக்குக்கூட ‘உ’. இதையெல்லாம் பாத்துட்டு உக்காந்திருக்கறதுதான் என்ற தலையெழுத்து.

ஃபைலுக்குப் பேரு மாறுனா லிங்க் அறுந்து போகும். அது உங்களுக்குத் தெரியாது. நான்தான் உக்காந்து மேக்ரோவைத் திருத்துனேன். லேபு ஃபோல்டருக்குள்ள போ, ‘உ ரெசிப்பி’ன்னு ஆரம்பிக்கற ஃபைல் எதுன்னு பாரு, முதல்ல கிடைக்கறதோட சிலிப்பை லிங்க் பண்ணுன்னு எழுதுனேன். எழுதறப்ப ஒரு சின்னச் சங்கதி. மேக்ரோ எழுதற ஜன்னல் இருக்குது பாருங்க, அதுல தமிழ் தெரியாது. ‘உ’ போட்டா அங்க ஒரு கேள்விக்குறிதான் தெரியும். என்னடா இதுன்னு ஒரு நிமிசம் பாத்தேன். வேற ஒருத்தனா இருந்தா பயந்திருப்பான். எனக்குப் புரிஞ்சுது. அது வெறும் தோற்றம். அந்த ஜன்னலுக்குத் தமிழ் காட்டத் தெரியல, உள்ள இருக்கறது ‘உ’தான். பட்டனை அமுக்குனேன், ஓடுச்சு. சரியான ஃபைலை எடுத்துச்சு. நாலு வருசம் எடுத்துச்சு. ஓடறதைத் தொடக்கூடாது, அதுதான் என்ற பாலிசி.

பழைய புக்கை என்ன பண்றதுன்னு ஒரு கேள்வி வந்துது. ‘உ’ போட்ட ஃபைலை அழிக்கக்கூடாதுன்னு பெரியவர் உத்தரவு, பாவமாம். லேபுக்காரங்க முழிச்சாங்க. நான்தான் வழி சொன்னேன். ‘உ’வை எடுத்துருங்க, அந்த இடத்துல ஒரு இங்கிலீஷ் எக்ஸ் போட்டு அங்கயே வச்சுருங்க. ‘எக்ஸ் ரெசிப்பி’ன்னா ரத்தான புக்கு. சாமி குத்தமும் இல்ல, குழப்பமும் இல்ல. பெரியவர் என்னைத் தட்டிக் குடுத்தாரு. அது போன ஐப்பசியில.

சிரிக்கறீங்க. எதுக்குன்னு தெரியல. இருங்க, இனிமேத்தான் கதையே.

ஐப்பசியில ஒரு பள்ளிக்கூட ஆர்டரு. யூனிஃபார்ம் துணி, மெரூன் கலரு. முதல்ல லேபுல சிவப்புச் சாயம் நூறு கிலோ துணிக்கு ரெண்டு புள்ளி நாலு கிலோன்னு போட்டிருந்தாங்க. பார்ட்டிக்காரன் பாத்துட்டு, சிவப்பு தூக்கலா இருக்கு குறைங்கன்னான். லேபுல ஒண்ணு புள்ளி எட்டுக்குக் குறைச்சுப் புது புக்குப் போட்டாங்க. பழைய புக்குக்கு எக்ஸ் போட்டாச்சு. எல்லாம் முறையாத்தான் நடந்துது.

தீவாளி லீவு முடிஞ்சு முதல் நா. நஞ்சப்ப மாஸ்டர் மாடியேறி வந்தாரு. கையில சிலிப்பு. அவரைப் பத்திச் சொல்லணும்னா, ஐம்பத்தெட்டு வயசு, இருபத்திரெண்டு வருசமா எங்ககிட்ட மாஸ்டரு. துணியக் கையில எடுத்து வெளிச்சத்துல ஒரு திருப்புத் திருப்பிப் பாத்தாருன்னா, இதுல நீலம் ஒரு பொட்டுக் குறையுதும்பாரு. லேபு மெஷின்ல வச்சுப் பாத்தா அதே வரும். பெரியவருக்கு அதுல ஒரு பெருமை, பார்ட்டிக்காரங்க வந்தா மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுவாரு. எனக்கு இந்த வித்தையெல்லாம் பிடிக்காதுங்க. நம்பர் இருக்கறப்ப கண்ணு எதுக்கு?

வந்தவரு, ‘ஏனுங் தம்பி, இந்த மெரூனுக்குச் சிவப்பு ரெண்டு புள்ளி நாலுன்னு இருக்குது. பழைய அளவாட்டத் தெரியுதே, லேபுல குறைச்சுட்டதா இல்ல சொன்னாங்க’ன்னாரு.

நான் என்ன சொல்லணும் நீங்களே சொல்லுங்க. ‘மாஸ்டர், அது லிங்க் பண்ணியிருக்குதுங்க. லேபுல என்ன இருக்குதோ அதுதான் உங்க கையில வரும். கண்ணுக்குத் தோணுனதைப் போடற காலமெல்லாம் போச்சு. சிலிப்புல இருக்கறதைப் போடுங்க’ன்னேன். சிலிப்பை வாங்கிப் பாத்தீங்களான்னு கேக்கறீங்களா? எதுக்குப் பாக்கணும்? லிங்க் பண்ணுனதே அப்படிப் பாக்கக்கூடாதுங்கறதுக்குத்தான்.

போட்டாரு. துணி செங்கல் கலர்ல வந்துது.

மெரூன் கேட்டவனுக்குச் செங்கல். பெரியவர் கீழ இறங்கிப் போய் துணியப் பாத்தாரு. சரி, ஒருக்கா ஆயிருச்சு, ஜாக்கிரதைன்னுட்டாரு. மூணு நாக் கழிச்சு அடுத்த லாட்டு. அதுவும் செங்கல். அதுக்கப்புறந்தான் பஞ்சாயத்து.

பெரியவர் ரூம்புல அவரு, சின்னவரு, நான், மாஸ்டரு. மாஸ்டரு கையில சிலிப்பு வச்சிருந்தாரு, ஆனா அது சாயத்தண்ணியில ஊறிப் போய் ஒரு எழுத்தும் நிக்கல. ‘ரெண்டு தரமும் ரெண்டு புள்ளி நாலுதானுங்க இருந்துச்சு. நானே படிச்சு நானே எடை போட்டேன்’னாரு. அதுதான் அவருகிட்ட இருக்கற சனியன். சாயம் நிறுக்கறப்ப யாரையும் பக்கத்துல விடமாட்டாரு, தானேதான் படிக்கணும், தானேதான் நிறுக்கணும். ஒரு சாட்சி இல்ல.

நான் லேப்டாப்பைத் திருப்பி வச்சேன். ரெசிப்பி புக்கைத் திறந்து காட்டுனேன். மெரூன், சிவப்பு, ஒண்ணு புள்ளி எட்டு. பளிச்சுன்னு இருக்குது. மாஸ்டரு கண்ணாடியக் கழட்டினாரு, வேட்டி முனையில தொடைச்சாரு, மறுபடி மாட்டிப் பாத்தாரு. ஒண்ணு புள்ளி எட்டுதான்.

‘இது லேபு புக்குங்களே. அந்தச் சிலிப்பு ஃபைலையும் ஒருக்காத் திறந்து காட்டுங்க தம்பி’ன்னாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிப் போச்சு. நாப்பது தரம் சொன்ன சங்கதி. ‘மாஸ்டர், ரெண்டும் ஒண்ணுதான். லிங்க் பண்ணியிருக்குது. இதுல ஒண்ணு புள்ளி எட்டு இருந்தா அதுலயும் ஒண்ணு புள்ளி எட்டுதான் இருக்கும். மனுசன் பொய் சொல்லுவான், லிங்க் பொய் சொல்லாதுங்க’ன்னு பெரியவரைப் பாத்துச் சொன்னேன். பெரியவர் தலையாட்டுனாரு. அவருக்கு லிங்க்குன்னா சட்டைக் கையில போடற பட்டன்னு நெனப்பு, அது வேற.

‘நஞ்சப்பா, நீ பொய் சொல்லமாட்டே. அது எனக்குத் தெரியும்’னாரு பெரியவர். ‘கண்ணைத்தான் போய்க் காட்டணும். சக்கரை வேற இருக்குது உனக்கு. இங்க ஒண்ணு புள்ளி எட்டு இருக்குது, உனக்கு ரெண்டு புள்ளி நாலாத் தெரியுது. மெரூனுக்கும் செங்கலுக்கும் வித்தியாசம் தெரியாமத் துணிய இறக்கியிருக்கே. போ, கொஞ்ச நா வீட்டுல இரு.’

மாஸ்டரு அந்த ஸ்கிரீனையே பாத்துட்டு நின்னாரு. ‘அப்ப நான் பாத்தது என்னுங்க?’ன்னு ஒருக்காக் கேட்டாரு. யாரைக் கேட்டாருன்னு தெரியல. அப்புறம் கீழ இறங்கிப் போயிட்டாரு. கொஞ்ச நா வீட்டுல இருன்னாச் சாயத்தொழில்ல என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாது. மாஸ்டருக்குக் கண்ணு போச்சுன்னு ஒரு சொல்லு வெளிய வந்தா, திருப்பூர்ல ஒரு பட்டறைக்காரன் உள்ள விடமாட்டான். வண்டியோட்டறவனுக்கு லைசென்ஸைப் பிடுங்குன மாதிரிதான். நாலு பக்கம் கேட்டுப் பாத்தாராம், ஒண்ணும் அமையல. பொங்கலுக்கு முன்னயே வீட்டைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டாரு.

எனக்கு அவருமேல கோவமில்லீங்க. வயசானா கண்ணு போறது சகஜம்.

குண்டடமா இது? பரவால்ல, வெரசாத்தான் ஓட்டறான்.

புது மாஸ்டரை ஈரோட்டுல இருந்து கொண்டு வந்தாங்க. முப்பத்தஞ்சு வயசு, கண்ணாடிகூட இல்ல. முதல் வாரமே மெரூன் போட்டான். செங்கல் வந்துது. ‘இவனுக்குமா கண்ணு போச்சு?’ன்னு பெரியவர் தலையில கை வச்சுட்டாரு. நான் அப்பவும் சொன்னேன், ஈரோட்டுக்காரனுக்கு நம்ம தண்ணி பழகலீங்கன்னு. சின்னவருக்கு அது ஏறல. அவரு தை மாசம் ஒரு பொண்ணை வேலைக்கு வச்சிருந்தாரு, எல்லாத்தையும் புது சாஃப்ட்வேருக்கு மாத்தறதுக்குன்னு. அதைக் கூப்பிட்டு, அந்த மேக்ரோவைச் சித்தப் பாருன்னு சொல்லிட்டாரு. என்ற மேக்ரோவை. என்னைக் கேக்காம.

அந்தப் பொண்ணு பேரு ஜெனிட்டா. நாகர்கோவிலு. வயசு இருபத்தி நாலு இருக்கும். பத்தொம்பது வருசத்துக்கு முன்ன நான் இந்த வேலையில சேந்தப்ப அது அங்கன்வாடிக்குப் போயிட்டு இருந்திருக்கும். அது வந்து என்ற சீட்டுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டு, ‘சார், அந்த மேக்ரோவை ஒண்ணு காட்டுங்க’ன்னுது. காட்டுனேன். என்ன புரியப் போகுதுன்னு காட்டுனேன்.

முதல்ல மேல இருக்கற ரெண்டு வரியப் பாத்துட்டு, ‘சார், எர்ரரை எல்லாம் மூடி வச்சிருக்கீங்களே’ன்னுது. ஆமா அம்மணி, அதுக்குத்தான் இங்க எர்ரரே வர்றதில்லன்னேன். அது அப்படியே கீழ வந்துது. ஒரு இடத்துல விரலை வச்சுது.

‘சார், இது என்ன கேள்விக்குறி?’

‘அது கேள்விக்குறி இல்ல அம்மணி, அது பிள்ளையார் சுழி. இந்த ஜன்னலுக்குத் தமிழ் தெரியாது, அதனால அப்படிக் காட்டுது. உள்ள இருக்கறது உ.’

‘இல்ல சார். உள்ள இருக்கதும் கேள்விக்குறியாக்கும்’னுது. ‘நீங்க உ போட்டப்பவே அது கேள்விக்குறியா மாறிப் போச்சு. இங்க கேள்விக்குறின்னா, எந்த எழுத்தா இருந்தாலும் சரின்னு அர்த்தம். உ ரெசிப்பியும் ஒத்துப் போகும், எக்ஸ் ரெசிப்பியும் ஒத்துப் போகும். ஃபோல்டர்ல ஒரே ஒரு புக்கு கிடந்த வரைக்கும் சரியா எடுத்துருக்கு. எக்ஸ் போட்ட புக்கு எப்ப வந்துதோ, அப்பல இருந்து அதைத்தான் எடுக்குது. ஃபைல் வரிசையில இங்கிலீஷ் எழுத்து மேல நிக்கும், தமிழ் கீழ நிக்கும். முதல்ல கிடைக்கது ரத்தான புக்கு.’

கேட்டீங்களா கதைய? எழுத்து மேல நிக்குதாம், கீழ நிக்குதாம். சொன்னதோட விடல. நான் தடுக்கறதுக்குள்ள சிலிப் புக்கைத் திறந்துருச்சு. மெரூன், சிவப்பு. ரெண்டு புள்ளி நாலு.

தற்செயலா இருக்கலாம்னேன். அது என்னைத் திரும்பிப் பாத்துது. படிச்ச திமிருங்க, வேறென்ன.

அப்புறம் ‘உ’ எழுத்தை எடுத்துட்டு அதுக்கு ஏதோ நம்பர் போடணும்னுது. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்து மூணு. தமிழ் எழுத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல நம்பர் இருக்குதாம், அதுல ‘உ’வுக்கு அந்த நம்பராம். பிள்ளையாருக்கு நம்பர் குடுத்த முதல் ஆளு அதுதான். சின்னப் பொண்ணு, மனசு நோகக்கூடாதுன்னு நானே அந்த வரிய மாத்துனேன். அதுக்கப்புறம் மெரூன் சரியா வருது. ஈரோட்டுக்காரனுக்கு அதுக்குள்ள தண்ணி பழகியிருக்கும்.

நான் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன், அம்மணி, இது நம்ம டிபார்ட்மெண்டு சங்கதி, திருத்தியாச்சு, வெளிய போக வேண்டாம்னு. நல்லபடியாத்தான் சொன்னேன். அது என்ன கேட்டுதுங்கறீங்க? ‘சார், அப்ப அந்தப் பழைய மாஸ்டர்?’

அவரு பேரே அதுக்குத் தெரியாது. முகத்தைப் பாத்ததில்ல. என்ன அக்கறை பாருங்க.

நேராச் சின்னவருகிட்டப் போய்ச் சொல்லிருச்சு. அடுத்த நா என்னைக் கூப்பிட்டாரு. உக்காரச் சொல்லல. ‘தேவராசு, நீங்களே நேர்ல போங்க. தப்பு ஃபைல்லதான், உங்க கண்ணுல இல்லன்னு உங்க வாயாலயே மாஸ்டர்கிட்டச் சொல்லுங்க. சொல்லிக் கையோட கூட்டிட்டு வாங்க. அவரு வந்ததும் எல்லாரையும் கூட்டி வச்சு நானும் சொல்லிடறேன்’னாரு. எல்லாரையும் கூட்டி வச்சு. புரியுதுங்களா? லேபு, பாய்லர்க்காரன், வாட்ச்மேன், எல்லாரு முன்னாலயும் தேவராசோட மேக்ரோ தப்புன்னு. பத்தொம்பது வருசத்துக்கு எனக்கு அதுதான் மரியாதை.

அதான் இன்னைக்குக் காத்தால கிளம்பி வந்தேன்.

வீடு பஸ்டாண்டுல இருந்து கொஞ்ச தூரம். வாசல்லயே அவரு சம்சாரம் ருக்குமணியக்கா நின்னுது. என்னைப் பாத்ததும் வாங்கன்னுது, ஆனா முகம் கொடுக்கல. மாஸ்டரு உள்ள கட்டில்ல உக்காந்திருந்தாரு. ஆளு பாதியாயிட்டாரு. ‘தம்பி தேவராசா, வாங்க வாங்க, அவ்வளவு தூரத்துல இருந்தா?’ன்னு எந்திரிச்சு வந்து கையப் பிடிச்சுக்கிட்டாரு. அதுல ஒண்ணும் குறை சொல்லமுடியாது.

நான் சொல்லத்தானுங்க வாயெடுத்தேன். நிஜமாச் சொல்றேன். மாஸ்டர், நான் எதுக்கு வந்தேன்னான்னு ஆரம்பிச்சுட்டேன். அப்ப அவரு மாத்திரை போடற நேரம். அட்டையில இருந்து ரெண்டு மாத்திரை எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு, ‘ருக்கு, இதுல எது ரோஸு, எது வெள்ளை?’ன்னாரு.

அந்தக்கா அடுப்புகிட்ட இருந்தே, ‘உங்களுக்குத் தெரியாதா?’ன்னுது.

‘தெரியுது. ஆனாலும் நீ ஒருக்காப் பாத்துச் சொல்லு’ன்னாரு.

அது வந்து பாத்து, இடது கையில இருக்கறது ரோஸுன்னு சொல்லுச்சு. அப்புறந்தான் வாயில போட்டாரு. அந்தக்கா என்னைப் பாத்து, ‘தாராபுரத்துலயும் காட்டியாச்சு, கோயமுத்தூர்லயும் காட்டியாச்சுங்க. ரெண்டு டாக்டரும் கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க. இவரு நம்பமாட்டேங்கறாரு. சட்டை எடுத்தா என்ன கலருன்னு கேக்கறாரு, தக்காளி பழுத்துருச்சான்னு கேக்கறாரு. அங்க என்ன சொல்லி அனுப்புனீங்களோ தெரியல’ன்னுது. குரல் ஒரு மாதிரி இருந்துது. பொம்பளைங்ககிட்ட என்னத்தைப் பேசறது.

நீங்க மருந்து லைன்ல இருக்கறவரு, நீங்களே சொல்லுங்க. டாக்டருங்க குறையில்லன்னு சொல்லிட்டா ஆச்சா? எத்தனை டாக்டரை நீங்க பாத்திருப்பீங்க. ரோஸுக்கும் வெள்ளைக்கும் பொண்டாட்டியக் கேக்கற ஆளுக்குக் கண்ணு நல்லா இருக்குதுன்னு எப்படி நம்பறது? நான் அதைத்தான் யோசிச்சேன். இவரைக் கூட்டிட்டுப் போய் மறுபடி சாயத்துக்கிட்ட நிறுத்துனா நாளைக்கு யாருக்குக் கெட்ட பேரு? கூட்டிட்டு வந்த எனக்குத்தானே. ஃபைல்ல தப்பிருந்தா ஃபைல்ல. கண்ணுல இருந்தா கண்ணுல. ரெண்டும் வேற வேற சங்கதி. அந்த நாகர்கோவில் பொண்ணுக்கும் சின்னவருக்கும் இது எங்க விளங்கப் போகுது?

அதனால என்ன கேட்டேன்னா, ‘மாஸ்டர், உங்களைத் திரும்ப வரச் சொல்றாங்க. உங்களால முடியுங்களா?’ன்னு பொதுவாக் கேட்டேன். அவரு முகம் ஒரு நிமிசம் மாறிப் போச்சு. எந்திரிச்சே நின்னுட்டாரு. அப்புறம் தன்னோட கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. உக்காந்துட்டாரு. ‘வேண்டாந் தம்பி. மறுபடி ஒரு லாட்டு செங்கலாச்சுன்னா என்னால தாங்க முடியாது’ன்னாரு.

சரி, வாயில சொன்னா அங்க நம்பமாட்டாங்க மாஸ்டர், ஒரு கடிதாசி எழுதிக் குடுத்துருங்கன்னேன். பேப்பர் நான்தான் குடுத்தேன். என்ன எழுதறதுன்னு கேட்டாரு, நான் சொல்லச் சொல்ல எழுதுனாரு. இதோ, சட்டைப் பையில வச்சிருக்கேன். பாருங்க. ‘எனக்குக் கண் பார்வை சரியில்லாத காரணத்தால் என்னால் திரும்ப வேலைக்கு வர இயலாது.’ கையெழுத்து, தேதி. நல்ல கையெழுத்துங்க அவருக்கு, கோடு பிடிச்ச மாதிரி இருக்கும். சின்னவரு மேசையில இதை வச்சேன்னா முடிஞ்சுது. எல்லாரையும் கூட்டி வைக்கற வேலையும் இல்ல.

ஏனுங்க இப்படிப் பாக்கறீங்க?

ஃபைல் சங்கதிய அவருகிட்டச் சொன்னேனான்னா? கேட்டாத்தானே சொல்லறது. அவரு ஒண்ணும் கேக்கலீங்களே. காப்பி குடிக்கச் சொன்னாரு, குடிச்சேன். பஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தாரு, வேண்டாம்னாலும் கேக்கல. பஸ் வர்ற வரைக்கும் நின்னாரு. பஸ்ஸு வந்து நான் படியில கால் வச்சப்பத்தான், பின்னால இருந்து, ‘தம்பி, இப்ப அந்த மெரூன் எப்படி வருது?’ன்னாரு.

வேற என்ன சொல்றது. சரியா வருதுங்க மாஸ்டர், அச்சு அசலா வருதுன்னேன்.

‘அப்ப என்ற கண்ணுதான்’னாரு.

அவரேதானுங்க சொன்னாரு. நான் சொல்லல.